முசிறியில் தமிழும் வேண்டும்

முசிறி என்றதும் திருச்சி பஸ்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். நாம் சொல்ல வந்தது அந்த முசிறியை அல்ல. கொடுங்கல்லூர், வடக்குப் பறவூர் வட்டாரத்தில், பெரியாற்றின் முகத்துவாரத்தில் இருந்த சேரர் துறைமுகத்தை. மூணாறு மலையில் பெய்யும் மழை முதிரப்புழை வழியே பெரியாற்றில் கலந்து அந்தத் திசைக்கே போகிறது. யவனர் கப்பல்கள் தேடி வந்த மிளகும் மலைநாட்டுச் சரக்கே.

1341-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் துறை தூர்ந்தது என்பர். பட்டணம் என்ற சிற்றூரில் 2007 முதல் நடந்த அகழ்வில் ரோமானியர் மதுச்சாடிகளின் ஓடுகளும், மரத்தோணி ஒன்றும் கிடைத்தன. அதுதான் முசிறியா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. அது தீரும்போது தீரட்டும். பிற்காலக் கட்டடங்களைக் கண்ணாலேயே பார்க்கலாம். கோட்டப்புறத்தில் போர்த்துக்கீசியர் 1523-இல் கட்டி, 1790-இல் திப்புவின் படை இடித்த கோட்டையின் அடித்தளம் இருக்கிறது. சேந்தமங்கலத்தில் பாலியம் அரண்மனை. பறவூரில் 17-ஆம் நூற்றாண்டு யூத ஜெபாலயம். யூதர்களின் தலைவருக்குக் கொச்சி அரசர் வழங்கிய பட்டம் என்ன தெரியுமா? முதலியார்!

இவற்றைப் பழுதுபார்த்துக் காட்சிசாலைகளாக்கிய கேரள அரசைப் பாராட்டுகிறோம். ஆனால் முசிறியின் பழைய வாழ்வுக்கு முதல்தரச் சாட்சிகள் அகநானூறும் புறநானூறும் அல்லவா? வீடுகளில் மிளகு மூட்டை குவிந்திருந்ததையும், கப்பலில் வந்த பொன் தோணியேறிக் கரை சேர்ந்ததையும் சொன்னவர்கள் தமிழ்ப் புலவர்கள். ஆகவே அங்குள்ள ஒவ்வொரு விளக்கப் பலகையிலும் தமிழும் இடம்பெற வேண்டும். இது சலுகை அல்ல. சரித்திரத்துக்குச் செய்யும் நியாயம்.

தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் தாலுகாக்களின் தமிழ்வழி மாணவர்களை அங்கே அழைத்துச் செல்வதும் அவசியம். தோட்டத் தொழிலாளியின் பிள்ளை, தன் ஊர் ஆற்றின் மறுமுனையைப் பார்க்காமலேயே பள்ளியை முடித்துவிடக் கூடாது. பாலக்காட்டிலிருந்து ரயிலில் ஆலுவாவில் இறங்கினால், பறவூருக்குப் பஸ் உண்டு. கேளிக்கைப் பூங்கா பார்க்கக் கொச்சிக்குப் போகும் பள்ளி பஸ், ஆலுவாவில் சற்றே திரும்பினால் போதும்.

2018 ஆகஸ்டில், 26 ஆண்டுகளுக்குப் பின் இடுக்கி அணையின் மதகுகள் திறக்கப்பட்டன. அம்மாத வெள்ளத்தில் சேந்தமங்கலத்து நெசவாளர்களின் தறிகள் மூழ்கின. ஆற்றங்கரைக் கட்டடங்களை ஒருமுறை பழுதுபார்த்தால் முடிந்துவிடாது. ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன்பே கூரையையும் சுவரையும் கவனிக்கப் பணம் ஒதுக்க வேண்டும். தமிழ்ப் பலகைக்கு ஆகும் செலவு அதில் ஒரு சிறு பகுதிகூட ஆகாது. பள்ளிச் சுற்றுலாவுக்கோ ஒரு சுற்றறிக்கையே போதும். மாவட்டக் கல்வி அதிகாரிகள் அதை அடுத்த கல்வியாண்டுத் தொடக்கத்திலேயே அனுப்பட்டும்.