ஓடத் தெரிந்த கால்களுக்கு வழி சொல்வது யார்?

"விளையாட்டா சோறு போடும்?" என்று கேட்கிறார் தகப்பனார். ஆலையிலே இரவு முறை முடித்து, எரியும் கண்களோடு வீடு திரும்பியவர் கேட்கிறார். அவர்மீது நமக்குக் கோபமில்லை, தோழர்களே! சீமான் வீட்டுப் பிள்ளை ஆடித் தோற்றால் அப்பன் கடை இருக்கிறது, கல்லாவில் உட்கார்ந்துகொள்வான். பாட்டாளியின் பிள்ளை ஆடித் தோற்றால், ஆட்டமும் போய்ப் படிப்பும் போய்த் தெருவிலே நிற்பான். ஆகவே அவருக்கு நாம் உபதேசம் செய்ய வரவில்லை. பதில் சொல்ல வந்திருக்கிறோம்.

மதுரைக்குப் பக்கத்திலே சக்கிமங்கலம். அங்கே ஆரம்மாள் என்னும் மூதாட்டி, தாய் தந்தையை இழந்த பேத்திகள் இருவரைக் கழனியிலும் செங்கற்சூளையிலும் கூலி வேலை செய்து வளர்த்தார். "பெண்களை வேலைக்கு அனுப்பு" என்றது ஊர். பள்ளிக்கு அனுப்பினார் பாட்டி. மூத்தவர் ரேவதி வெறுங்காலோடு ஓடினார். பயிற்சியாளர் கண்ணன் அந்த ஓட்டத்தைப் பார்த்தார். பாட்டி முதலில் இசையவில்லை. பேசினார், இசைய வைத்தார். மதுரை லேடி டோக் கல்லூரியிலே இடமும், தங்க விடுதியும் கிடைக்க வழி செய்தார். 2016இல் கோவையில் நடந்த தேசிய இளையோர் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், தொடரோட்டம் மூன்றிலும் தங்கம்! பின்னர் இரயில்வேயில் வேலை. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக், கலப்புத் தொடரோட்டம்!

சோறு போட்டதா, இல்லையா?

ஆனால் தம்பி, கண்ணன் அன்று மைதானத்துக்கு வராமல் இருந்திருந்தால்? அதுதான் நம் நெஞ்சை உறுத்துகிறது. ஓடும் கால் ஊருக்கு ஊர் இருக்கிறது. கல்லூரி வாசல்வரை அதற்கு வழி சொல்லும் ஆள்தான் இல்லை. ஒரு பிள்ளையின் வாழ்வைத் தற்செயலிடம் ஒப்படைத்துவிட்டு நாம் கைகட்டி நிற்கலாமா?

"உன் குறி என்ன?" என்று கேட்டால், "ஒலிம்பிக்" என்கிறான் ஒன்பதாம் வகுப்புச் சிறுவன். இனிக்கிறது! ஆனால் அது கனவு. குறி என்பது நோட்டிலே எழுதத்தக்கது. 400 மீட்டரை இன்று 58 விநாடியில் ஓடுகிறாய். பொங்கலுக்குள் 57. அடுத்த ஆண்டு மாவட்டப் போட்டிக்குள் 55. அந்த ஒரு விநாடி எங்கே ஒளிந்திருக்கிறது? முதல் 200 மீட்டரில் வேகத்தையெல்லாம் கொட்டிவிட்டு, கடைசி நூறில் கால் கட்டிப்போட்டதுபோல் ஆகிறதா? அப்படியானால் உழைக்க வேண்டிய இடம் அதுதான். வாரந்தோறும் நேரத்தைக் குறித்து வை. நோட்டு உன்னிடம் முகத்துதி பேசாது.

நாள் தவறாமல் ஓடினால்தான் வீரன் என்று எண்ணாதே. வளரும் எலும்பு அது. தார்ச்சாலையிலே தினமும் ஓடி, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்க வலிக்க ஓடியவன், போட்டி நாளிலே கட்டுப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்கிறான். வாரத்தில் ஒருநாள் ஓய்வு, இரவிலே நிறைந்த தூக்கம். முட்டையும் வேர்க்கடலையும் கேழ்வரகுக் களியும் போதும். "சீக்கிரம் பலம் வரும்" என்று எவனாவது மாத்திரை நீட்டினால், அவன் உன் பதக்கத்தையும் பெயரையும் சேர்த்துப் பறிக்க வந்தவன்.

இன்னொன்று, சான்றிதழ்! தமிழகப் பொறியியல் கலந்தாய்விலே சிறந்த விளையாட்டு வீரர்க்கென 500 இடங்கள் இருக்கின்றன. அரசுப் பணிகளில் 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. கலைக் கல்லூரிகளும் வீரர்களுக்கு இடம் தருகின்றன. ஆனால் எந்தப் போட்டியில் வென்றாய், அது அங்கீகாரம் பெற்ற சங்கம் நடத்தியதா என்றுதான் மேசைக்கு அப்புறம் இருப்பவர் கேட்பார். பணத்தை வாங்கிக்கொண்டு பளபளக்கும் காகிதம் கொடுக்கும் போட்டிகள் பெருத்துவிட்டன. அந்தக் காகிதத்தை நம்பிக் கலந்தாய்வுக்குப் போன பிள்ளை அழுதுகொண்டே திரும்பும். பிளஸ் டூ முடிந்தபின் இதை விசாரிப்பதிலே பயனில்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டு எழுதி வைக்க வேண்டும். பாடத்தையும் விட்டுவிடாதே. ஒதுக்கீடு இடம் தரும், உனக்காகத் தேர்வு எழுதாது.

தலைமையாசிரியர் பெருமக்களுக்கும் ஒரு வார்த்தை. விளையாட்டு வகுப்பு வந்ததும் கணக்கு வாத்தியார் சாக்குக்கட்டியோடு நுழைகிறாரே, அதை நிறுத்துங்கள். வாரத்துக்கு இரண்டு மணி, அதையும் களவாடுவதா?

நமது படிப்பகத் தோழர்களே! மாலையிலே நாளேடு படித்து முடித்ததும் உங்கள் தெருப் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரு ஸ்டாப்வாட்சு, ஒரு நோட்டு, ஓடுகிற பிள்ளைக்கு நாளுக்கொரு முட்டை. மாதச் சந்தாவிலே இந்தச் செலவுக்கு இடமிருக்கிறது. மாவட்டப் போட்டி எந்தத் தேதி, விண்ணப்பம் எங்கே கிடைக்கும் என்பதைப் படிப்பகக் கரும்பலகையிலே இந்த வாரமே எழுதிப் போடுங்கள்.