அராஜகம் யாருடையது?

சென்ற மாதம் ஓர் இளைஞர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். முந்நூறு பக்கத்துக்கு ஒரு நாவல் எழுதியிருந்தார். "படித்துப் பார்த்து அபிப்பிராயம் சொல்ல வேண்டும், ஸார்" என்று மேஜைமேல் வைத்தார். இரண்டே இரவுகளில் படித்து முடித்துவிட்டேன். அவ்வளவு விறுவிறுப்பு!

2005-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் கத்ரீனாப் புயலில் மூழ்கிய நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் நடக்கிறது கதை. வெளியூரில் இருக்கும் கதாநாயகன், வீட்டில் தனியாக அகப்பட்டுக்கொண்ட தாயாரை மீட்கத் திரும்பி வருகிறான். கையில் ஒரு படகு. தோளில் ஒரு துப்பாக்கி. நகரத்தில் சட்டமும் இல்லை, மனிதத் தன்மையும் இல்லை. கூரைக்குக் கூரை நின்று சுடுகிறார்கள். தெருவுக்குத் தெரு கொள்ளை, கற்பழிப்பு. கதாநாயகன் பதினொரு பேரைச் சுட்டுத் தள்ளித் தாயாரைத் தோளில் தூக்கிக்கொண்டு கரையேறுகிறான். முற்றும்.

மறுபடி வந்தபோது, "எப்படி இருக்கிறது, ஸார்?" என்றார்.

"நன்றாக ஓடும், தம்பி. ஆனால் அப்படி ஒரு நகரம் இருந்ததில்லையே!" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "பத்திரிகைகளில் எல்லாம் வந்ததே, ஸார்! டெலிவிஷனில் மேயரே சொன்னாரே!"

சொன்னார். போலீஸ் தலைவரும் சொன்னார். அதுதான் என் வழக்கு. அந்த இளைஞரோடு மட்டும் எனக்கு வழக்கில்லை; இத்தகைய கதைகளை விரும்பிப் படிக்கும் உங்களோடும், எழுதும் என்னோடும் சேர்த்துத்தான்.

என்ன சொன்னார்கள் என்று முதலில் பார்ப்போம். நகரத்தின் பெரிய விளையாட்டு அரங்கமான சூப்பர்டோமில் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் அடைக்கலம் புகுந்திருந்தார்கள். மின்சாரம் இல்லை, கூரை பிய்ந்துபோயிற்று, கக்கூஸ்கள் நிரம்பி வழிந்தன. அதற்குள்ளே நூற்றுக்கணக்கான ரௌடிகள் கொலையும் கற்பழிப்பும் செய்கிறார்கள் என்றார் மேயர். பச்சைக் குழந்தைகளைக்கூட விடவில்லை என்றார் போலீஸ் தலைவர். உள்ளே இருநூறு பிரேதங்கள் கிடக்கின்றன என்று செய்தி பரவிற்று. ஜனங்களையெல்லாம் பஸ்களில் ஏற்றி அனுப்பிய பிறகு, அந்த இருநூறையும் எடுத்துப் போகக் குளிர்சாதன லாரியோடு வந்து சேர்ந்தார் ஒரு டாக்டர்.

கிடைத்தவை ஆறு. நால்வர் நோயால் செத்தவர்கள், ஒருவர் போதை மருந்தால், ஒருவர் தற்கொலை. கொலை செய்யப்பட்டவர் ஒருவர்கூட இல்லை. இன்னொரு அடைக்கல இடமான மாநாட்டு மண்டபத்தில் கிடைத்தவை நான்கு. அவற்றில் ஒன்றைத்தான் கொலை என்று கருதினார்கள். இதைக் கண்டுபிடித்து எழுதியவர்கள் அந்த ஊர்ப் பத்திரிகையான 'டைம்ஸ்-பிக்கயூன்' நிருபர்களே. ஆனால் அது வெளியானது செப்டம்பர் 26-ஆம் தேதி. அதற்குள் பொய் உலகத்தை நான்கு வாரம் சுற்றி வந்துவிட்டது. மறுநாளே போலீஸ் தலைவர் பதவியை விட்டு விலகினார்.

கொள்ளையே நடக்கவில்லை என்று நான் சாதிக்க வரவில்லை. நடந்தது. ரொட்டியும் தண்ணீரும் குழந்தைகளுக்கு மாற்றுத் துணியும் எடுத்தவர்கள் ஏராளம். டெலிவிஷன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. (மின்சாரமே இல்லாத ஊரில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்தார்களோ, தெரியவில்லை!) உடுப்பை மாட்டிக்கொண்ட சில போலீஸ்காரர்களும் அந்தத் திருப்பணியில் கலந்துகொண்டார்கள். ஆனால் அந்த வாரத்திலேயே வெளியான இரண்டு புகைப்படங்களைச் சொல்லியாக வேண்டும். ஒன்றில், மார்பளவு தண்ணீரில் சாமான்களை இழுத்து வருகிறான் ஒரு கறுப்பு இளைஞன். கீழே அச்சிட்டிருந்த வாசகம், கடையைக் 'கொள்ளையடித்து' வருகிறான் என்பது. மற்றதில், அதே தண்ணீரில் அதேபோல ரொட்டியும் பானமும் கொண்டு வருகிறார்கள் இரண்டு வெள்ளையர்கள். கடையில் அவற்றைக் 'கண்டெடுத்து' வருகிறார்களாம்! எழுதுகிறவன் ஒரு வினைச்சொல்லைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று நான் பலமுறை மேடையில் பேசியிருக்கிறேன். இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

போகட்டும்; ஊர் மூழ்கியது எப்படி? புயல் ஆகஸ்டு 29-ஆம் தேதி காலையில் நகரத்துக்குக் கிழக்காகப் போய்விட்டது. தப்பித்தோம் என்று ஜனங்கள் மூச்சு விட்டார்கள். பிறகுதான் தண்ணீர் வந்தது. மிஸிஸிப்பி நதிக்கும் பான்சர்ட்ரெயின் ஏரிக்கும் நடுவே கிண்ணம்போல் கிடக்கும் ஊர் அது. ஏரித் தண்ணீரைத் தடுக்கக் கால்வாய்களின் இரு கரையிலும் சுவர் எழுப்பியிருந்தது அமெரிக்க ராணுவத்தின் இன்ஜினீயர் படை. பதினேழாவது தெருக் கால்வாயிலும் லண்டன் அவென்யூக் கால்வாயிலும் தண்ணீர் சுவரின் தலையைத் தொடுவதற்கு முன்பே சுவர்கள் சாய்ந்துவிட்டன. அடியில் இருந்த இளமண் அவற்றைத் தாங்கவில்லை. நகரத்தில் 80 சதவிகிதம் நீரில் ஆழ்ந்தது. வடிவமைப்பில் பிழை இருந்தது என்று 2006-இல் அந்தப் படையே ஒப்புக்கொண்டது. அதற்குக் கிடைத்த தண்டனை என்ன தெரியுமா? 1928-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று, வெள்ளத் தடுப்பு வேலைகளால் நேரும் சேதத்துக்கு சர்க்கார்மீது வழக்கே செல்லாது என்கிறது. படையைக் கடுமையாகக் கண்டித்த நீதிபதி, அந்தச் சட்டத்தின் கீழ் 2008-இல் வழக்கைத் தள்ளுபடி செய்தார். கடையில் ரொட்டி எடுத்தவனுக்கு அப்படிக் கவசம் போடும் சட்டம் எதுவும் இல்லை.

அந்தப் புயலில் லூசியானா மாகாணத்தில் மாண்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் 75 வயதைக் கடந்தவர்கள். முந்தின நாள்தான் எல்லோரும் ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என்று உத்தரவு வந்தது. எப்படி வெளியேறுவது? ஊரில் கார் இல்லாதவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். கிழவிகள் தங்கள் வீட்டுப் பரண்களில் மூழ்கி இறந்தார்கள். நம் கதாநாயகன் சுட்ட பதினொரு பேரில் ஒருவன்கூட அவர்களைக் கொன்றவன் அல்ல.

"வதந்திதானே, ஸார்? வதந்தி யாரைக் கொன்றது?" என்று இளைஞர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் இருக்கிறது.

ஆகஸ்டு 31-ஆம் தேதி, கூரைகளில் ஜனங்கள் துணியை ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, மீட்பு வேலையில் இருந்த சுமார் 1,500 போலீஸ்காரர்களைக் கொள்ளையைத் தடுக்கும்படி திருப்பி விட்டார் மேயர். ஈராக்கிலிருந்து திரும்பிய துருப்புகள் வந்திருக்கிறார்கள், அவர்களுக்குச் சுடவும் கொல்லவும் தெரியும், தேவையானால் செய்வார்கள் என்று பேசினார் கவர்னர் அம்மாள். மாநாட்டு மண்டபத்து வாசலில் சோறு தண்ணீர் இல்லாமல் ஆயிரக்கணக்கானவர்கள் காத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை நடுப்பகலில்தான் ராணுவ லாரிகள் வந்தன. நதிப் பாலத்தைக் கால்நடையாகக் கடந்து அக்கரைக்குப் போக முயன்றவர்களை அங்குள்ள கிரெட்னா ஊர்ப் போலீஸார் வழிமறித்தார்கள். தலைக்கு மேலே சுட்டுத் திருப்பி அனுப்பினார்கள். வெள்ளத்துக்குத் தப்பி வருகிறவனை வெள்ளத்துக்கே திரும்பிப் போ என்பதற்கு எந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது?

செப்டம்பர் 4-ஆம் தேதி டான்ஸிகர் பாலத்தில் நடந்ததைக் கேளுங்கள். போலீஸாரைச் சுடுகிறார்கள் என்று ரேடியோவில் தகவல் வந்ததாம். ஒரு லாரியில் வந்து இறங்கிய போலீஸார், பாலத்தில் நடந்துகொண்டிருந்தவர்களைச் சுட்டார்கள். அவர்களில் யாரிடமும் ஆயுதம் இல்லை. பதினேழு வயதுப் பையன் ஒருவன் செத்தான். மனவளர்ச்சி குன்றிய நாற்பது வயதுக்காரர் ஒருவர் முதுகில் சுடப்பட்டுச் செத்தார். நால்வருக்குப் படுகாயம்; ஒரு பெண்மணி கையையே இழந்தார். பிறகு, சம்பந்தமில்லாத ஒரு துப்பாக்கியைக் கொண்டுவந்து சாட்சியமாக வைத்தார்கள். இல்லாத சாட்சிகளைக் கற்பித்து எழுதினார்கள். 2011-இல் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. அரசு வக்கீல்கள் மறைந்திருந்து எழுதிய அபிப்பிராயங்களால் 2013-இல் அந்தத் தீர்ப்பு ரத்தாயிற்று. கடைசியில் 2016-இல்தான் ஐந்து பேரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று முதல் பன்னிரண்டு வருஷம் வரை தண்டனை பெற்றார்கள். பத்து வருஷத்துக்கு மேல்!

ஆல்ஜியர்ஸ் பாயிண்ட் என்று ஒரு பகுதி. வெள்ளம் அங்கே வரவில்லை. அங்கிருந்த வெள்ளையர் சிலர் தெருவைத் தடுப்புப் போட்டு மறித்துத் துப்பாக்கியோடு காவல் நின்றார்கள்; வழியே வந்த கறுப்பர்களைச் சுட்டார்கள். இவர்கள்தாம் என் இளம் நண்பரின் கதாநாயகனுக்கு மெய்யான உறவினர். அவன் நினைத்ததைத்தான் இவர்களும் நினைத்தார்கள்: ஊரில் சட்டம் இல்லை, எதிரே வருகிறவன் கொள்ளைக்காரன், நான் வீரன்.

இந்த நினைப்பை அவர்களுக்கு யார் கொடுத்தார்கள்? இங்கேதான் என் நெஞ்சு உறுத்துகிறது. 1906-இல் ஸான் பிரான்ஸிஸ்கோ பூகம்பத்தின்போதும் கொள்ளையடிப்பவர்களைக் கொல்லும்படி அந்த ஊர் மேயர் உத்தரவு போட்டார். அப்போது டெலிவிஷன் ஏது? இந்தக் கதை அதைவிடப் பழையது. மேலே பூசியிருக்கும் நாகரிகத்தை ஒருநாள் சுரண்டினால் போதும், உள்ளே ஓநாய் இருக்கும் என்பது அந்தக் கதை. நாங்கள் எழுதுகிறவர்கள் அதை வெகு காலமாக விற்று வருகிறோம். நீங்களும் ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு, 'மனித இயல்பை எப்படிப் படம் பிடித்திருக்கிறார்!' என்று மெச்சி வருகிறீர்கள். 2005-இல் அந்தச் செய்திகளைப் படித்தபோது எனக்கு உண்டானது துக்கம் மட்டும் அல்ல. ஒருவிதமான ருசியும் இருந்தது. ஒரு கதை எழுதவும் ஆரம்பித்தேன். அதில் சூப்பர்டோமும் இருந்தது, ஓநாய்களும் இருந்தன. பன்னிரண்டு பக்கம் வந்தது. முடிக்காமல் விட்டது சோம்பலால்தானே தவிர, யோக்கியதையால் அல்ல.

அந்தப் பன்னிரண்டு பக்கத்திலும் இல்லாதவர்களைச் சொல்கிறேன். சொந்தப் படகுகளைக் காரில் கட்டி இழுத்துக்கொண்டு லூசியானாவின் சதுப்புக் கிராமங்களிலிருந்து வந்த செம்படவர்களும் வேட்டைக்காரர்களும். பக்கத்து வீட்டுக் கிழவரைக் கதவுப் பலகையில் படுக்கவைத்து இழுத்துப் போனவர்கள். கடற்கரைக் காவல் படை மீட்டவர்கள் மட்டும் 33 ஆயிரத்துக்கு மேல். பிரபல பாடகர் ஃபாட்ஸ் டாமினோ இறந்தார் என்று நம்பி அவர் வீட்டுச் சுவரில் யாரோ அஞ்சலி எழுதிவிட்டுப் போனார். அவரோ படகில் ஏற்றப்பட்டுச் சௌக்கியமாக இருந்தார். இன்னும் பன்னிரண்டு வருஷம் இருந்து 2017-இல்தான் காலமானார்.

சரி, நாவலின் தலைப்பே 'திரும்பி வந்தவன்'. நிஜமாகத் திரும்பி வந்தவர்கள் எதைக் கண்டார்கள்? முதலில் ராணுவச் சாவடி. எந்தப் பேட்டைக்காரர் எப்போது வரலாம் என்பது மேயரின் அட்டவணை. செப்டம்பரில் ரீட்டா என்ற அடுத்த புயல் வந்து, வற்றிய இடத்தை மறுபடி நிரப்பிற்று. பிறகு வாசலில் அந்தச் சிவப்புப் பெருக்கல் குறி. தேடிப் பார்த்த படையினர் சாயத்தால் தீட்டியது. மேலே தேதி, இடப்பக்கம் படையின் பெயர், வலப்பக்கம் அபாயக் குறிப்பு, கீழே உள்ளே கண்ட பிரேதங்களின் எண்ணிக்கை. தெருவுக்கு வந்து நின்றவன் முதலில் அந்தக் கீழ் எண்ணைத்தான் பார்த்தான். சுவரில் தண்ணீர் நின்ற மட்டத்துக்குப் பழுப்புக் கோடு. அதற்குமேல் கூரை வரைக்கும் கறுப்புப் பூஞ்சணம். சமையலறையில் ரெஃப்ரிஜிரேட்டர் கவிழ்ந்து கிடக்கும். அதை யாரும் திறக்கவில்லை. வாரக்கணக்கில் உள்ளே அழுகிய இறைச்சியோடு, பசை நாடாவால் சுற்றிச் சுற்றி ஒட்டி அப்படியே வீதிக்குத் தள்ளினார்கள். ஊர் முழுவதும் வாசல்தோறும் வெள்ளைப் பெட்டிகள் வரிசையாக நின்றன. அதன்மேலும் அரசியல்வாதிகளைப் பற்றி வேடிக்கையாக எழுதி வைத்தார்களே, அந்த ஜனங்களுக்கு வணக்கம் சொல்ல வேண்டும்.

தாழ்ந்த ஒன்பதாம் வார்டுக்காரர்களுக்கு அதுகூட இல்லை. தொழிற்சாலைக் கால்வாயின் உடைப்பு வழியே ஒரு பெரிய சரக்குத் தோணியே உள்ளே வந்து வீடுகளின்மேல் உட்கார்ந்திருந்தது. 'பார்த்துவிட்டுத் திரும்பிப் போ' என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த அனுமதி.

அப்புறம் காகிதங்கள் வந்தன. வீட்டை இடித்தது காற்றா, வெள்ளமா என்று இன்ஷூரன்ஸ்காரர் கேட்டார். வெள்ளம் என்றால் பணம் இல்லை. சர்க்கார் 'வீட்டுக்குப் பாதை' என்று ஒரு திட்டம் போட்டது. புயலுக்கு முன் வீட்டின் விலை, இப்போது கட்ட ஆகும் செலவு, இரண்டில் எது குறைவோ அதைக் கணக்கிட்டுக் கொடுப்போம் என்றார்கள். கறுப்பர் பேட்டையில் வீட்டின் விலை குறைவு. செங்கல்லும் மரமும் மட்டும் எல்லாப் பேட்டையிலும் ஒரே விலை! வழக்குப் போட்டு 2011-இல் 6 கோடியே 20 லட்சம் டாலருக்குச் சமாதானம் ஆயிற்று. ஏழைகள் வாடகைக்கு இருந்த சர்க்கார் குடியிருப்புகளில் சுமார் 4,500 வீடுகளை இடித்துவிட 2007 டிசம்பரில் நகர சபை ஏகமனதாக முடிவு செய்தது; அவற்றில் பல, கொஞ்சம் பழுது பார்த்தால் குடியிருக்கத் தக்கவை. 2000-ஆம் வருஷத்துக் கணக்கெடுப்பில் 4 லட்சத்து 84 ஆயிரமாக இருந்த ஜனத்தொகை, 2010-இல் 3 லட்சத்து 43 ஆயிரம். கறுப்பர்களில் மட்டும் 1 லட்சத்து 18 ஆயிரம் பேர் குறைந்துபோனார்கள். அவர்களை யாரும் கூரைமேல் நின்று சுடவில்லை.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த இளைஞர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கேட்க நன்றாக இருக்கிறது, ஸார். ஆனால் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் க்யூவில் நிற்பவனை யார் படிப்பார்கள்?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் அவர்மேல் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எந்தப் பத்திரிகைக்காவது கொடுத்திருப்பார். தொடர்கதையாக உங்கள் கைக்கு வந்தால், இரண்டாவது அத்தியாயத்தில் வரும் அந்தப் பாலத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள்.