பொம்பளை விஷயம் இல்லையே!

போன ஞாயிறு மாதுங்காவில் நம்மாளுங்க நாலு பேர் காபியோடு உட்கார்ந்திருந்தோம். பேச்சு கள்ளத்தொடர்பு பக்கம் திரும்பியது. "2018-ல சுப்ரீம் கோர்ட் 497-ஐத் தூக்கினதிலேர்ந்து குடும்பமே கெட்டுப் போச்சு சார்" என்றார் ஒரு பெரியவர்.

சாருக்கு அந்தச் சட்டம் என்னன்னு தெரியுமா? 1860-ல் வெள்ளைக்காரன் போட்டது. ஊர் மேயும் கணவன் மீது அவன் மனைவி அதில் புகாரே கொடுக்க முடியாது. அடுத்தவன் மனைவியோடு போனால் அந்த 'அடுத்தவன்'தான் வழக்குப் போடலாம். அவனே சம்மதித்திருந்தால் குற்றமே இல்லை! இது போனதற்கா இவ்வளவு ஒப்பாரி? (விவாகரத்துக்கு அது இன்றைக்கும் காரணம்தான் சார், பயப்படாதீங்க.)

அதுகூடப் பரவாயில்லை. அடுத்துச் சொன்னார் பாருங்க: "நம்மகிட்ட அந்தத் தப்பெல்லாம் கிடையாது. வீட்டுக்குத் தெரியாம நாலு காசு அங்க இங்க கொடுத்திருப்போம், அவ்வளவுதானே."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கும்பகோணத்தில் இருக்கும் என் அக்காவுக்கு ஆறு வருடம் மாதாமாதம் 4,000 ரூபாய் அனுப்பினேன். மாமாவின் கடை நொடித்துப் போயிருந்தது. வீட்டில் சொல்லவில்லை, சொன்னால் சண்டை வரும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஒருநாள் டெபிட் எஸ்எம்எஸ் அவள் கண்ணில் பட்டுவிட்டது. பெயர் கிடையாது, கணக்கு எண்ணின் கடைசி நாலு இலக்கம் மட்டும்.

மூன்று வாரம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. 17 வருடம் கூட வாழ்ந்தவளுக்குக் கேட்கப் பயம்! கடைசியில் ஒரு ராத்திரி, "என்னங்க, அவ யாரு?"

நான் கேஸ் ஜெயித்த வக்கீல் மாதிரி சிரித்தேன். "அட, அக்காவுக்குடி!"

அவள் சிரிக்கவில்லை. "அண்ணிக்குக் கொடுத்தது தப்பில்ல. நான் கொடுக்க விடமாட்டேன்னு ஆறு வருஷமா நினைச்சிருக்கீங்களே."

மொத்தம் 2,88,000 ரூபாய். அந்த ஆறு வருடத்தில்தான் அவள் பல்வலியோடு "ரூட் கெனால் அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப் போட்டாள். ஏனென்றால் நான் 'கை இறுக்கம்' என்று சொல்லியிருந்தேன். பொம்பளை விஷயம் இல்லையாம். இதுக்கு என்ன பேர் வைப்பீங்க?

எங்கள் கவுண்டருக்கு வந்து கணவரின் கணக்கு விவரம் கேட்கும் பெண்கள் உண்டு. தரமாட்டோம். வாடிக்கையாளர் ரகசியம் காப்பது வங்கியின் கடமை. அந்தக் கடமை எங்களுக்கு சார், உங்களுக்கு இல்லை. அவர் போன பிறகு லோன் நோட்டீஸைப் பார்த்துக் கடனைத் தெரிந்துகொண்ட பெண்களையும் பார்த்திருக்கிறேன். அழக்கூட நேரமில்லாமல் ஃபாரத்தில் கையெழுத்துப் போடுவார்கள்.

"எல்லாத்தையும் சொன்னா குடித்தனம் நடக்குமா?" என்பீர்கள். நண்பன் நம்பிச் சொன்னதைச் சொல்ல வேண்டாம். கல்யாண நாளுக்கு வாங்கி வைத்த புடவையையும் சொல்ல வேண்டாம். அவள் வயிற்றைக் கட்டி மிச்சம் பிடிக்கும் பணம் எங்கே போகிறதென்று சொல்லித்தான் ஆகணும்.

பெரியவரே, காபிக்கு நன்றி. இன்று வீட்டுக்குப் போனதும் எல்லா பாஸ்புக்கையும் எடுத்துச் சாப்பாட்டு மேசைமேல் வையுங்கள். ஒரு வாரம் அங்கேயே இருக்கட்டும். அப்புறம் 497 பற்றிப் பேசலாம்.