பாலம் அடைபட்டது, பழி பிள்ளைகளுக்கா?



அண்மையில் ஒரு திருமண விருந்தில் நண்பர் ஒருவர் என்னிடம் சொன்னார்: “இரண்டு வருடப் பிரிவைத் தாங்காத காதல் என்ன காதல், சார்? இந்தக் காலப் பிள்ளைகளுக்கு உறுதி இல்லை.” அவர் குறிப்பிட்டது என் பழைய மாணவன் ஒருவனை. அங்கே விடை சொல்ல இயலவில்லை, இங்கே சொல்கிறேன்.

அவனுக்குச் சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை. அவன் விரும்பிய பெண் மாசாயில் இருந்தாள். நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் கடற்பாலம் கடந்து வீடு திரும்பியவன் அவன். 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. வேலையைக் காக்க அக்கரையிலேயே தங்கினான். பாலத்தின் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான்!

அடைத்ததை நான் குறை கூறவில்லை. கொள்ளைநோய்க் காலத்தில் அது கடமை. திறந்தபோது யாருக்கு முதலில் திறந்தார்கள் என்பதே என் வினா. 2020 ஆகஸ்டில் இரு நாடுகளும் இரண்டு வழிகளைத் திறந்தன. ஒன்று வணிக, அலுவல் பயணிகளுக்கு. மற்றொன்று நீண்டகால வேலை அனுமதி உடையோர்க்கு. அவர்களும் மூன்று மாதம் தொடர்ந்து உழைத்த பின்னரே குறுகிய விடுப்பில் வீடு வரலாம், தனிமைப்படுத்தலும் உண்டு. மணமாகாத காதலர்க்கென ஒரு வழியும் இல்லை. அதே ஆகஸ்டில் ஜெர்மனியோ, முன்பு நேரில் சந்தித்த சான்றைக் காட்டிய மணமாகாத இணையர்க்கும் கதவு திறந்தது. ஆகவே, இயலாத செயலன்று, எண்ணாத செயல்.

தரைவழி 2021 நவம்பர் 29இல் ஓரளவும், 2022 ஏப்ரல் 1இல் முழுமையாகவும் திறந்தது. அதற்குள் அந்தப் பெண்ணின் வீட்டார், “வராதவனுக்காக எத்தனை நாள்?” என்று வேறிடத்தில் பேசி முடித்துவிட்டனர்.

இப்போது சொல்லுங்கள். உறுதி குலைந்தது காத்திருந்த பிள்ளைகளுக்கா, காத்திருக்க விடாத பெரியவர்களுக்கா? பாலைத் திணையை மேடையில் புகழ்கிறோம். பக்கத்து வீட்டுப் பிரிவை ஏளனம் செய்கிறோம்!

நோய் ஓய்ந்தது, விதிகள் ஓயவில்லை. ஒர்க் பெர்மிட்டில் சிங்கப்பூரில் பணிபுரியும் நம் பிள்ளை அந்நாட்டுக் குடிமக்களில் ஒருவரையோ நிரந்தரவாசியையோ மணக்க விரும்பினால், அந்நாட்டு மனிதவள அமைச்சின் ஒப்புதலை முன்னரே பெற வேண்டும். திருமணம் ஜொகூரில் நடந்தாலும் இதுவே விதி. சம்பளம் எவ்வளவு, தங்குமிடம் எங்கே என்று விசாரித்து அனுப்பும் நாம், இதைச் சொல்லி அனுப்புகிறோமா?

உறுதியைப் போதிக்குமுன் விதியை விளக்குவோம். பிரிந்தவர்களைப் பழிக்குமுன், அவர்களைப் பிரித்தது எது, அதில் நம் பங்கு என்ன என்று சிந்திப்போமாக.