கட்டணம் வாங்கிய வருஷத்தில் வாக்கு மாறலாமா?

வருஷத் தொடக்கத்திலேயே கட்டணத்தை வசூலித்துக்கொண்டு, வாங்கும் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் ஐந்து ரூபாய் திருப்பித் தருவதாக வாக்களித்த ஒரு கிரெடிட் கார்டு நிறுவனம், அந்த வருஷம் பாதி கழிவதற்குள், திருப்பித் தரும் தொகைக்கு வரம்பு கட்டியும், மின் கட்டணம், காப்பீட்டுப் பிரீமியம், பள்ளிக் கட்டணம் போன்ற இன்றியமையாத செலவுகளைக் கணக்கிலிருந்து விலக்கியும் ஒரு குறுஞ்செய்தி அனுப்புமானால், அதை நியாயமான வியாபாரம் என்று என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை.

இது அபூர்வமாக நிகழ்வதன்று. 2022 செப்டம்பரில் அறிமுகமான எஸ்பிஐ கேஷ்பேக் கார்டு, மாதம் 10,000 ரூபாய் வரை திருப்பித் தந்துவந்தது. 2023 மே முதல் தேதியிலிருந்து, அதாவது ஓராண்டு நிறைவதற்கு முன்பே, அந்த வரம்பு 5,000 ரூபாயாகச் சுருங்கியது. பிற நிறுவனங்களும் இவ்வழியே சென்றிருக்கின்றன. அவர்கள் பக்கத்திலும் காரணங்கள் உண்டு: கடைக்காரர் செலுத்தும் கழிவிலிருந்துதான் கேஷ்பேக் பிறக்கிறது, 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி, வங்கிகளின் கார்டு கடன்களுக்கான இடர் மதிப்பை 125 சதவீதத்திலிருந்து 150 சதவீதமாக உயர்த்தியபின், அக்கடன்களுக்காக ஒதுக்கவேண்டிய மூலதனமும் அதிகரித்தது. ஆகவே நிபந்தனைகளை என்றுமே மாற்றலாகாது என்று நான் வாதிக்கவில்லை. பணம் பெற்றுக்கொண்ட காலம் முடியும்வரையிலாவது கொடுத்த வாக்கு ஸ்திரமாக நிற்கவேண்டும் என்கிறேன்.

ரிசர்வ் வங்கி 2022-இல் வகுத்த விதிகளின்படி, கட்டணங்களை மாற்றுவதற்கு ஒரு மாத முன்னறிவிப்பு வேண்டும். மாற்றம் பாதகமாயிருந்தால் வாடிக்கையாளர், பாக்கியைத் தீர்த்துவிட்டு, வேறு கட்டணமின்றிக் கார்டை ஒப்படைக்கலாம். ஆனால் அவ்விதி பேசுவது கட்டணங்களைப் பற்றி. 999 ரூபாய்க் கட்டணமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து ஏறத்தாழ 1,179 ரூபாய் செலுத்துகிற குடும்பம், ஐந்து சதவீதம் கிடைத்தால் சுமார் 23,600 ரூபாய்ச் செலவிலேயே அதை மீட்டுவிடும். ஒரு சதவீதமென்றால் 1,18,000 ரூபாய் செலவழிக்கவேண்டும். பலன் இவ்வாறு குறைவது கட்டணம் உயர்வதற்குச் சமானமேயாதலால், அதே முன்னறிவிப்பும், விலகுவோருக்கு எஞ்சிய மாதங்களுக்குரிய கட்டணத்தைத் திருப்பித் தரும் கடமையும் இங்கும் விதிக்கப்பட வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது கணக்குப் பார்ப்பது. குறைந்த கேஷ்பேக்கை ஈடுகட்டுவதற்காக அதிகம் வாங்குவது பெருந்தவறு. பாக்கி நின்றால் மாதம் 3.5 சதவீதம் வரை வட்டி ஏறும் கார்டுகள் உண்டு, அதாவது இரண்டே மாதங்களில் ஐந்து சதவீத லாபம் முழுவதும் கரைந்துபோகும். கணக்கு ஒத்துவராவிடில், சேர்ந்த கேஷ்பேக்கைப் பெற்றுக்கொண்டு, பாக்கியைத் தீர்த்து, எழுத்து மூலமாகக் கார்டை முடிக்கச் சொல்லலாம். ஏழு வேலை நாட்களுக்குள் முடிக்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வாடிக்கையாளருக்குச் சேரவேண்டும் என்பதும் அதே விதிகளில் உள்ளது.

சென்ற மாதம் நான் அவ்வாறே செய்தேன். கார்டு நான்கு நாட்களில் முடிக்கப்பட்டது. மீதி ஏழு மாதங்களுக்கான கட்டணத்தைக் கேட்டு எழுதிய கடிதத்துக்கு, அதற்கு விதியில் இடமில்லை என்று பணிவான பதில் வந்தது. அந்தப் பதிலையும் இணைத்து ரிசர்வ் வங்கிக்கு எழுதியிருக்கிறேன்.