அரங்கேற்றத்துக்குப் பின்

ஒரு மக்களின் பண்பாட்டு நிலையை அவர்களுடைய மேடைகளின் ஒளியைக் கொண்டு அளப்பது எளிது. ஆயினும் அந்த அளவுகோல் முழுமையானதன்று. விழா முடிந்து, விளக்கணைந்து, விருந்தினர் கலைந்து சென்றபின், திங்கட்கிழமைக் காலையில் அந்தக் கலை எந்த வீட்டில், எவர் கையில், எந்தப் பணியோடு பணியாக உயிர்த்திருக்கிறது என்று வினவுவதே மெய்யான சோதனை. கீழடி மண்ணிலிருந்து மீண்ட பானை ஓடுகளில் ‘ஆதன்’ போன்ற பெயர்கள் கீறப்பட்டிருப்பதைப் பெருமையோடு பேசுகிறோம். அவை மன்னர் கருவூலத்தில் காத்து வைக்கப்பட்ட பொன்கலன்கள் அல்ல. சோறும் நீரும் புழங்கிய மண்கலங்கள். புழங்கும் பொருளிலேயே பெயரும் குறியும் கோடும் இட்டு மகிழ்ந்த மக்களின் வழிவந்தோர், கலையை அன்றாட வாழ்விலிருந்து பிரித்து ஆண்டுக்கொரு நாளுக்கு ஒதுக்கிவிடுவாராயின், அந்தப் பெருமைக்கு உரிமை கோரும் தகுதி அவர்களுக்கு உண்டா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவ்வினா ஆஸ்திரேலியத் தமிழரை இன்று நேராக நோக்கி நிற்கிறது. 2021ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்நாட்டில் ஏறத்தாழ 95 ஆயிரம் பேர் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் சிட்னியிலும் மெல்பனிலும் வாழ்கின்றனர். மேஸ் ஹில் முருகன் கோயிலும் மெல்பனை அடுத்த பேசின் மலையடிவாரத்து விநாயகர் கோயிலும் கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலும் இவர்களுடைய உழைப்பில் எழுந்தவை. வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் தலைமுறை கடந்து நடக்கின்றன. நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா ஆகிய இரு மாநிலங்களிலும் பள்ளி இறுதித் தேர்வுக்குத் தமிழை ஒரு பாடமாக எடுத்து எழுத வழி பிறந்திருக்கிறது. வேற்று மண்ணில் இவற்றை நிறுவியவர்களுக்கு நாம் தலைவணங்குகிறோம்.

அவர்கள் பேணிய கலைகளுள் முதலிடம் நடனத்துக்கும் இசைக்கும் உரியது. டூங்காபியிலும் வென்ட்வர்த்வில்லிலும் டான்டினாங்கிலும் கிளென் வேவர்லியிலும் மாலை வேளைகளில் ஜதி சொல்லும் குரல் கேட்காத தெருக்கள் குறைவு. ஏழெட்டு ஆண்டுப் பயிற்சியின் முடிவில் அரங்கேற்றம் நிகழ்கிறது. மண்டபத்தை நெடுநாள் முன்பே பதிவு செய்து, அழைப்பிதழ் அச்சிட்டு, சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ பக்கவாத்தியக் கலைஞரை வரவழைத்து, பெற்றோர் தம் சேமிப்பின் பெரும்பகுதியை அந்த ஒரு மாலைக்குச் செலவிடுகின்றனர். அந்த ஈகையை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஆயினும் அதன் மறுநாளைப் பற்றிப் பேசாதிருப்பது கடமை தவறியதாகும்.

மறுநாள் சலங்கை பெட்டிக்குள் போகிறது. பள்ளி இறுதியாண்டு வருகிறது, தனிவகுப்புகள் வருகின்றன, பல்கலைக்கழகம் வருகிறது. உறை போர்த்திய வீணை அலமாரிக்கும் சுவருக்கும் இடையில் நிற்கிறது. ஆடிய பெண் மருத்துவராகிறாள், பொறியாளராகிறாள். வரவேற்பறையில் சட்டமிட்ட ஒளிப்படம் மட்டும் அவள் ஆடியதற்குச் சான்றாக எஞ்சுகிறது. கலை, பயின்று முடித்துப் பட்டயம் பெறும் தகுதிகளுள் ஒன்றாகிவிட்டது. மகள் ஆடுவதைக் கண்டு மகிழ்ந்தோமா என்பதைவிட, தலைமை விருந்தினர் என்ன பேசினார், எத்தனை பேர் வந்தனர் என்பவையே நினைவில் நிற்கின்றன. எல்லா இல்லங்களும் இப்படியல்ல. விலக்கான இல்லங்களை நாம் அறிவோம், போற்றுகிறோம். எனினும் பெருவழக்கு எது என்பதில் ஐயமில்லை.

வாசலைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பல வீடுகளில் வாசற்படியில் அச்சிட்ட ஒட்டுக்கோலம் இருக்கிறது. இருள் பிரியுமுன் தொடர்வண்டி பிடிக்க ஓடும் தாயைக் கடிந்துகொள்ள எவருக்கும் உரிமையில்லை; நாளும் கோலமிடும் கடனை அவள் ஒருத்தியின் தலையில் ஏற்றிவைத்த பழைய வழக்கத்தை மீட்கவும் நாம் சொல்லவில்லை. ஆனால் ஞாயிறு காலையில் தந்தையும் மகனும் உடனிருக்க, சிமெந்துத் தரையில் நீர் தெளித்து, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே அரிசிமாவை இழையவிட்டுச் சிக்குக்கோலம் ஒன்றைப் போட்டுப் பார்க்கட்டும். முதலில் புள்ளிகள் நிரையாக நிற்க வேண்டும். பின்னர் ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி வளைந்து செல்லும் கோடு, எங்கும் அறுபடாமல், தொடங்கிய இடத்துக்கே மீள வேண்டும். ஒரு புள்ளி தவறினால் கோடு மூடாது; எங்கே தவறியது என்று பிள்ளையே விரல்வைத்துத் தேடும். பொறுமை, கணக்கு, கைத்திறம், கண்ணளவு ஆகிய நான்கையும் காசு செலவின்றிக் கற்பிக்கும் இந்த அரைமணி நேரத்துக்கு ஈடான வகுப்பு இந்நகரங்களில் எங்கும் இல்லை என்பது எம் துணிபு.

வீட்டையும் நகரையும் ஒருசேரக் கலையால் நிறைத்த வாழ்வுக்கு மெல்பனிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. அவரும் புகலிடம் தேடி வந்தவர் என்பதால் அவர் கதை நமக்கு நெருக்கமானது. மிர்க்கா மோரா 1928இல் பாரிசில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1942இல் தாயோடும் தங்கையரோடும் கைதாகி, பித்திவியே முகாமில் அடைக்கப்பட்டு, ஔஷ்விட்ஸ் கொலைக்களத்துக்கு அனுப்பப்படுமுன் தந்தையின் முயற்சியால் உயிர் தப்பினார். 1951இல் கணவரோடும் கைக்குழந்தையோடும் மெல்பன் வந்தார். காலின்ஸ் தெருவில் அவர்கள் குடியிருந்த இடமே அவருடைய ஓவியக்கூடமாகவும் இருந்தது. வண்ணக் குழம்பும் பிள்ளைகளின் விளையாட்டும் விருந்தினர் பேச்சும் ஒரே கூரையின்கீழ் கலந்து கிடந்தன. 1954இல் அவரும் கணவரும் தொடங்கிய சிற்றுண்டிச்சாலை நகரின் ஓவியர்க்கும் எழுத்தாளர்க்கும் கூடுமிடமாயிற்று. பின்னர் செயின்ட் கில்டாவில் நடத்திய டொலார்னோ உணவகத்தின் சுவர்களில் தம் கையாலேயே சித்திரம் தீட்டினார். பொம்மை தைப்பதையும் வண்ணம் தீட்டுவதையும் பொதுமக்களுக்குப் பயிற்சி வகுப்புகளில் கற்றுக்கொடுத்தார். 1986இல் பிளிண்டர்ஸ் தெருத் தொடர்வண்டி நிலையத்தில் அவர் படைத்த சுவர்ச்சித்திரம் இன்றும் வேலைக்கு விரைவோர் கண்ணில் படுகிறது. அவர் ஓவியம் தாங்கிய டிராம் ஒன்றும் நகரில் ஓடியது. மூன்று மைந்தருள் ஒருவர் திரைப்பட இயக்குநரானார், ஒருவர் கலைக்கூடம் நடத்தினார், ஒருவர் நடிகரானார். கலையைத் தொழிலாகக் கொள்ள அம்மைந்தர் தயங்கவில்லையெனில், அதை உணவு மேசையருகே நாளும் கண்டு வளர்ந்ததே அதற்குப் பெருங்காரணம் என்று கருத இடமுண்டு. உயிருக்கு அஞ்சி ஓடிவந்த ஒரு பெண், வந்த ஊரின் சுவரில் தம் கையெழுத்தைப் பதித்துவிட்டு, 2018இல் தம் தொண்ணூறாம் அகவையில் மறைந்தார்.

தனிமனிதர் வேட்கை மட்டும் இதற்குப் போதாது. ஆள்வோர் கடமையும் உண்டு. விக்டோரிய அரசு 1978இல் ஓவியர்களைக் கொண்டு டிராம்களுக்கு வண்ணம் தீட்டத் தொடங்கியது. கிளிப்டன் பியூ தீட்டியது முதல் வண்டி. 1993இல் நின்றுபோன அத்திட்டம் 2013இல் மீண்டும் உயிர்பெற்றது. கலைக்கூடத்துக்குள் ஒருநாளும் கால் வைத்திராத தொழிலாளியும் ஓவியத்துக்குள் ஏறி அமர்ந்து வீடு திரும்பினார். மெல்பன் மாநகராட்சி 2004இல் பிரரங் மார் பூங்காவில் பழைய தொடர்வண்டிக் கட்டடம் ஒன்றைச் செப்பனிட்டு, குழந்தைகள் தொழில்முறைக் கலைஞரோடு கூடிப் படைக்கும் ‘ஆர்ட்பிளே’ நிலையத்தைத் திறந்தது. 2010இல் பயனற்றுக் கிடந்த ஒரு கைகாட்டி மாடம் ‘சிக்னல்’ என்ற பெயரில் பதின்பருவத்தாருக்கு உரியதாயிற்று. புதிய மாளிகை எதுவும் எழுப்பாமல், நகரம் மறந்த கட்டடங்களைப் பிள்ளைகளின் கைக்கு அளித்த அந்த ஆட்சியறிவு எல்லா நகர்மன்றங்களுக்கும் பாடமாகத்தக்கது.

சிட்னியில் லாவெண்டர் விரிகுடாவின் கரையில் இன்னொரு சான்று. ஓவியர் பிரெட் வைட்லி 1992இல் மறைந்தபோது, அவருடைய முன்னாள் துணைவியார் வெண்டி வைட்லி, துயரத்தைத் தாங்க வழியின்றி, வீட்டுக்குக் கீழே குப்பைமேடாய்க் கிடந்த தொடர்வண்டித் துறை நிலத்தைத் தம் கையாலேயே துப்புரவாக்கத் தொடங்கினார். எவரிடமும் இசைவு கேட்கவில்லை. தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டார். 2001இல் ஒரே மகளையும் இழந்த பின்பும் அப்பணி நிற்கவில்லை. 2015இல் மாநில அரசு அந்நிலத்தை முப்பதாண்டுக் குத்தகைக்கு நார்த் சிட்னி மன்றத்துக்கு அளித்து, அத்தோட்டம் பொதுமக்களுக்குரியதாய் நிலைக்க வழிசெய்தது. கட்டணமின்றி எவரும் அங்கே சென்று அமரலாம்.

ஆனால் நம்மவர் செறிந்து வாழ்வது துறைமுகக் கரையில் அன்று, மேற்கு சிட்னியில். அங்கே அறம் வழுவியிருக்கிறது. ஆஸ்திரேலியரில் பத்தில் ஒருவர் வாழும் அப்பகுதிக்குக் கூட்டரசின் கலை நிதியில் 1 விழுக்காடும், மாநில அரசின் பண்பாட்டு நிதியில் 5.5 விழுக்காடுமே கிட்டுவதாக 2015இல் டெலாய்ட் நிறுவனத்தின் ஆய்வறிக்கை எடுத்துக்காட்டியது. பரமட்டா ஆற்றங்கரையில் பவர்ஹவுஸ் அருங்காட்சியகத்துக்கெனப் பெருங்கட்டடம் எழுப்பப்படுவதை வரவேற்கிறோம். எனினும் ஒரு பெருங்கட்டடம் நூறு சிற்றிடங்களுக்கு மாற்றாகாது. பென்டில் ஹில் சிறுமி நடந்தே செல்லத்தக்க தொலைவில் களிமண்ணும் தூரிகையும் கிடைக்கும் ஓர் அறை இருக்கிறதா என்பதே எம் வினா.

அந்த மேற்கு சிட்னியிலிருந்துதான் நம் காலத்து அரும்படைப்பு ஒன்று பிறந்தது என்பது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. ஆனந்தவல்லி என்னும் நடனக் கலைஞர் இலங்கையிலிருந்து வந்து சிட்னியில் லிங்காலயம் நடனக்குழுவை அமைத்தவர். அவர் மகன் எஸ். சக்திதரன், தம் குடும்ப வரலாற்றையும் பூட்டனாரான கணிதப் பேராசிரியரும் அரசியல்வாதியுமாகிய சி. சுந்தரலிங்கத்தின் நினைவையும் வித்தாகக் கொண்டு, ஏறத்தாழப் பத்தாண்டு உழைத்து, ‘கவுண்டிங் அண்ட் கிராக்கிங்’ என்னும் நாடகத்தை எழுதினார். கொழும்பிலிருந்து பென்டில் ஹில் வரை, 1956 முதல் 2004 வரை நான்கு தலைமுறைகளின் கதை அது. 2019 சனவரியில் சிட்னி நகரமண்டபத்தின் உட்புறமே இலங்கை ஊர் மண்டபம்போல் மாற்றியமைக்கப்பட, வந்தவர்க்கு இலங்கை உணவு பரிமாறப்பட, பதினாறு நடிகர் அதை நிகழ்த்தினர். தமிழும் சிங்களமும் மேடையில் ஒலித்தன. உடனுக்குடன் ஆங்கிலத்தில் பெயர்த்துரைக்கப்பட்டன. 2020இல் விக்டோரிய இலக்கியப் பரிசு அதற்குக் கிட்டியது. தாயும் அந்நாடகத்தின் ஆக்கத்தில் ஆடை, பண்பாட்டு ஆலோசகராகப் பங்குகொண்டார். தாய் ஆடிய வீட்டில் வளர்ந்த மகன், அரங்கேற்றத்தோடு நின்றுவிடாத ஒரு கலைவாழ்வைக் கண்டவன் ஆதலால், நாம் ஒருவருக்கொருவர் சொல்லவும் அஞ்சிய கதையை ஒரு நாட்டின் முன் வைக்கும் வலிமை பெற்றான் என்றே இவ்விதழ் கருதுகிறது.

படிப்புக் கெடும் என்பார் உளர். அந்த அச்சத்தின் வேர் எமக்குத் தெரியும். நூலகம் எரிந்த ஊரிலிருந்து, வேலை மறுக்கப்பட்ட நாட்டிலிருந்து வந்தவர்க்குக் கல்வியே ஒரே கைம்முதலாக இருந்தது; அதைப் பழிப்பது நன்றிகொன்ற செயல். ஆயின் அந்த அச்சம் நம் பெற்றோர்க்கு உரியதாக இருந்தது. இங்கே பிறந்த பிள்ளையின்மீது அதை அதே எடையில் சுமத்துவது நீதியன்று. நாம் கேட்பது மேலும் ஒரு வகுப்பையோ மேலும் ஒரு தேர்வையோ அன்று. மதிப்பெண் இல்லாத, பார்வையாளர் இல்லாத, பிழைபட்டாலும் எவரும் கடியாத ஒருமணி நேரத்தை.

வந்தேறிய நாம் பிறர் ஊரின் சுவரில் வண்ணம் பூசலாமா என்று தயங்குவோரும் உளர். அத்தயக்கத்தில் ஒரு நேர்மை இருக்கிறது. ரெட்பெர்ன் நிலையத்துக்கு எதிரே 1983இல் கரோல் ரஃபும் அப்பகுதி மக்களும் தீட்டிய சுவரோவியம், இம்மண்ணின் முதற்குடியினர் நாற்பதாயிரம் ஆண்டுகளாக இங்கே வாழ்வதை நினைவூட்டி நிற்கிறது. இந்நாட்டில் கலை நமக்கு முன்னும், ஐரோப்பியர்க்கு முன்னும், நிலத்தோடும் குடியோடும் பிரிக்கவியலாது வாழ்ந்தது, வாழ்கிறது. ஆகவே தெருவிலும் பூங்காவிலும் நாம் எதைப் படைக்க முற்பட்டாலும், அந்நிலத்தின் மூத்தோரை முதலில் கண்டு, கேட்டு, அவர்கள் உடன்பாட்டோடு தொடங்குவது நம் கடன். அக்கடனைச் செய்தபின் ஒதுங்கி நிற்கத் தேவையில்லை.

இனிச் செய்யத்தக்கதைச் சொல்வோம். தமிழ்ச் சங்கங்களும் கோயில் நிருவாகங்களும் பள்ளிகளும், வரும் தைப்பொங்கலுக்கு மண்டபத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒதுக்கும் தொகையில் பத்தில் ஒரு பங்கையேனும் தம் பகுதிப் பிள்ளைகள் ஆண்டு முழுவதும் கூடிப் படைக்கும் ஒரு பணிக்கு ஒதுக்கட்டும். அது சுவரோவியமாகலாம், நாடகமாகலாம், நவராத்திரிக் கொலுவுக்குப் பிள்ளைகளே களிமண்ணில் வனையும் பொம்மைகளாகலாம். நடன ஆசிரியர்கள், அரங்கேறிய மாணவியர் திங்களுக்கொரு முறை மேடையின்றிக் கூடி ஆட ஒரு நாளைக் குறிக்கட்டும். மேற்கு சிட்னியின் நகர்மன்றங்கள், பூட்டிக்கிடக்கும் தம் கட்டடங்களின் பட்டியலை வெளியிட்டு, மெல்பன் செய்ததைச் செய்யட்டும். செய்யும்வரை நம் நகர்மன்ற உறுப்பினரை எழுத்து மூலம் கேட்டுக்கொண்டேயிருப்பது வாக்குரிமை பெற்ற ஒவ்வொருவரின் பொறுப்பு. அலமாரிக்குப் பின்னால் வீணை வைத்திருப்போர் அதை இந்த வாரமே எடுத்துத் தந்தி மாற்றுமாறு வேண்டிக்கொள்கிறோம்.