பந்தும் திடலும்

காற்பந்தைப் பற்றித் தமிழாசிரியன் ஒருவன் எழுத வருவது மாணவர்களாகிய உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். இலக்கணமும் யாப்பும் கற்பித்தே முப்பது ஆண்டுகளுக்கு மேற் கழித்தவன் நான். பந்தை உதைத்ததெல்லாம் இளமையில், திருவொற்றியூர்க் கடற்கரை மணலில்தான். அதுவும் நன்றாக உதைத்தேன் என்று சொல்லிக்கொள்ள இயலாது. ஆயினும் பந்து தமிழர்க்குப் புதிய பொருளன்று. சிலப்பதிகாரத்தில் கந்துகவரி என்றொரு பகுதி உண்டு. கந்துகம் என்றால் பந்து. மகளிர் பந்தாடுங்காற் பாடும் பாட்டு அது. காலால் உதைத்து ஆடும் இம்முறை ஆங்கிலேயர் வழியாக நமக்கு வந்தது. வந்த ஆட்டத்தை வடசென்னை தன்னுடையதாகவே ஆக்கிக்கொண்டது. இராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் மாலைவேளையில் ஒரு தெருவைக் கடந்து செல்லுங்கள்; பந்து உங்கள் காலடிக்கு வந்தே தீரும்.

அவ்வாட்டத்தில் எல்லைக்கோட்டை ஒட்டி ஓடுபவரை இக்காலத்தார் ‘விங்கர்’ என்பர். என் இளமையில் எம் பகுதியார் ‘லெஃப்ட் அவுட்’, ‘ரைட் அவுட்’ என்றனர். அவர் செய்யும் பணி நுட்பமானது. பன்னாட்டுப் போட்டித் திடல் பெரும்பாலும் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உடையது. எதிரணியார் நடுவிலே கூடி நின்று வழியை மறிப்பர். அக்கூட்டத்தைக் கலைக்க வேண்டுமாயின், ஒருவன் விலகிச் சென்று ஓரத்தில் நிற்றல் வேண்டும். அவனைத் தடுக்க எதிரணியில் ஒருவரோ இருவரோ ஓரத்துக்கு வருவர். வந்தவுடன் நடுவிலே இடம் பிறக்கும். பந்து அவனிடம் வருங்கால் அவன் கோட்டோரமாக விரைந்தோடி, நடுவில் நிற்கும் தோழனுக்கு அதைத் தூக்கி அனுப்புவான். அல்லது திடீரென உட்புறம் திரும்பித் தானே வலைக்குள் அடிப்பான். எதைச் செய்வான் என்பதைத் தடுப்பவன் அறியாதிருத்தலே அவனுக்கு வெற்றி. திருக்குறளில் காலமறிதலும் இடனறிதலும் அடுத்தடுத்த அதிகாரங்களாக நிற்கின்றன. வள்ளுவர் அவற்றை அரசர்க்கு வைத்தார். விங்கரும் அவற்றைக் கற்றே ஆகவேண்டும். ஒரு நொடி முந்தினாலும் ஓர் அடி பிந்தினாலும் அவன் ஓட்டம் வீணாகும்.

இத்தகைய ஆட்டக்காரருள் ஒருவர், 1995 ஆம் ஆண்டில் சென்னையிற் பிறந்த நந்தகுமார் சேகர். இந்துஸ்தான் ஈகிள்ஸ் என்னும் உள்ளூர்க் கழகத்திற்காக ஆடித் தொடங்கிய இவர், சென்னை சிட்டி அணியின் வாயிலாக ஐ-லீக் போட்டியிற் புகுந்தார். 2017 இல் தில்லி டைனமோஸ் அணி இவரை இந்தியன் சூப்பர் லீக் போட்டிக்கு அழைத்துக்கொண்டது. 2019 இல் அவ்வணி தில்லியை விட்டுப் புவனேசுவரத்துக்குக் குடிபெயர்ந்து ஒடிசா எனப் பெயர் பூண்டது; நந்தகுமாரும் உடன் சென்றார். 2023 ஏப்ரலில் கோழிக்கோட்டில் பெங்களூரு அணியை 2-1 என வென்று ஒடிசா அணி சூப்பர் கோப்பையைப் பெற்றது. அவ்வாண்டிலேயே இவர் இந்திய அணியிலும் ஆடினார். கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்திலும் சேர்ந்தார்.

ஈஸ்ட் பெங்கால் 1920 இல் தோன்றியது. அதன் பழம்பகையாகிய மோகன் பகான் 1889 இல் தோன்றியது. இவ்விரண்டும் மோதும் நாளில் கொல்கத்தா மாநகரே இரு கூறாகிவிடும். 2019 சனவரிக்குப் பின் நான்கரை ஆண்டுக் காலம் ஈஸ்ட் பெங்கால் தன் பகையணியை ஒருமுறையேனும் வெல்லவில்லை. 2023 ஆகஸ்டு 12 அன்று டூரண்ட் கோப்பைப் போட்டியில் இரண்டும் எதிர்நின்றன. ஆட்டத்தின் 60 ஆம் நிமிடத்தில் நந்தகுமார் வலப்பக்க ஓரத்திற் பந்தைப் பெற்றார், தடுக்க வந்தவரைக் கடந்து உட்புறம் திரும்பினார், இடக்காலால் வளைத்தடித்தார். பந்து எட்டாத மூலையிற் போய் விழுந்தது. அந்த ஒரு கோலே அன்றைய ஆட்டத்தை முடித்தது. அதே மாதத்தில் அரையிறுதியில் தம் அணி தோற்கும் நிலையில் இருந்தபோது, இறுதி நொடிகளில் கோல் அடித்து அதைக் காத்தவரும் இவரே. இறுதிப் போட்டியில் மோகன் பகான் வென்றதையும் சொல்லிவிட வேண்டும். ஆட்டத்தில் அதுவும் உண்டு.

2024 சனவரி 28 அன்று நடந்ததை நான் இன்னும் பெரிதாக மதிக்கிறேன். புவனேசுவரத்தில் சூப்பர் கோப்பையின் இறுதிப் போட்டி. எதிரணி ஒடிசா, இவர் நேற்றுவரை ஆடிய அணி. திடலும் இவர் நன்கறிந்த திடல். முதலில் ஒடிசா முந்தியது. பின் நந்தகுமார் கோல் அடித்துச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஈஸ்ட் பெங்கால் 3-2 என வென்று, 12 ஆண்டுகளுக்குப் பின் தேசிய அளவிலான கோப்பையொன்றைக் கைக்கொண்டது.

சென்னையிற் பிறந்தவன் வங்கத்துக்குப் போய்த்தான் புகழ் பெறவேண்டுமா என்று சிலர் வருந்துவர். எனக்கு அவ்வருத்தம் இல்லை. துறைமுகத்தின் அருகில் வாழும் நமக்கு, போவதும் வருவதும் இயல்பு. என் கவலை வேறு. முன்னாளில் இங்கே ஆட்டக்காரனுக்கு ஓர் ஊன்றுகோல் இருந்தது. சென்னைத் துறைமுகமும், தென்னக இரயில்வேயும், 1955 இல் பெரம்பூரில் தொடங்கிய இரயில் பெட்டித் தொழிற்சாலையும், இந்தியன் வங்கியும் தத்தமக்கென அணிகளை வைத்திருந்தன. நன்றாக ஆடுபவனுக்கு அங்கே வேலை கிடைத்தது. இந்தியாவுக்காக ஆடிய சையது சபீர் பாஷா இந்தியன் வங்கி அணியைச் சேர்ந்தவரே. பிற நாடுகளிலும் இம்முறை இருந்தது. ருமேனியாவில் பிரஷோவ் என்னும் தொழில்நகரம் உண்டு. அங்குச் சரக்குந்துத் தொழிற்சாலையின் அணியாக வளர்ந்த கழகத்தில் ஆடிப் புறப்பட்டவர் மரியஸ் லகடூஷ் என்னும் புகழ்பெற்ற விங்கர். அவர் தலைநகரின் ஸ்டாவா அணிக்குச் சென்று, 1986 இல் அவ்வணி பார்சிலோனாவை வென்று ஐரோப்பியக் கோப்பையைப் பெற்ற ஆட்டத்தில் கோல் உதையொன்றை வலைக்குள் செலுத்தினார். ஆலை வாயிலில் தொடங்கிய ஓட்டம் அது. நம் பகுதியில் அவ்வாயில்கள் பல மூடிவிட்டன. திறந்திருப்பவையும் முன்போல் ஆட்டக்காரரைத் தேடுவதில்லை. ஆதலின் இன்றைய சிறுவனுக்கு எஞ்சியிருப்பது திடல் ஒன்றே.

திடலுக்கும் குறைவு வந்துள்ளது. நான் ஓடியாடிய கடற்கரை மணல் இன்று கடலுக்குள் இருக்கிறது. அதன் காரணத்தை நீங்கள் அறிய வேண்டும். சென்னைத் துறைமுகப் பணி 1876 இல் தொடங்கிற்று, 1881 இல் புயல் சிதைத்தது, மீண்டும் கட்டினர். கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓயாது நகர்ந்த மணலைக் கடலுக்குள் நீண்ட அம்மதில்கள் மறித்தன. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே, வரவேண்டிய மணல் வராமையால், இராயபுரம் முதல் எண்ணூர் நோக்கிக் கடல் நிலத்தை அரித்தது. அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டினர். மெரினாவில் நகரத்தார் காலாற நடக்கின்றனர். அந்த மணலில் எம் குப்பத்துப் பிள்ளைகளின் ஆடுகளமும் கலந்திருக்கிறது என்று நான் அவ்வப்போது எண்ணுவதுண்டு. சாலையோ கன்டெய்னர் லாரிகளுக்கு உரியதாயிற்று. பிள்ளைகள் சந்துகளுக்குள் ஒதுங்கினர்.

சந்தில் ஆடினால் என்ன என்பீர்கள். சந்தும் கற்பிக்கும்; நெருக்கத்திற் பந்தைக் காலோடு ஒட்டவைத்துக்கொள்ளும் திறனை அதுபோற் கற்பிக்கும் இடம் வேறில்லை. ஆனால் அங்கே சுவர் இருக்கிறது. தவறி அடித்த பந்தைச் சுவர் திருப்பித் தந்துவிடும். கோடு எங்கே முடிகிறது, ஐம்பது மீட்டருக்கு அப்பால் ஓடும் தோழன் எங்கே வந்து சேர்வான் என்பவற்றைச் சுவர் கற்பிக்காது. அகலம் காணாத பிள்ளை விங்கர் ஆதல் அரிது.

இவற்றையெல்லாம் நான் காலங்கடந்து கற்றேன். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் ஒரு மாணவன் படித்தான். தந்தையார் துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர். பையன் இடக்காலன், மாலைமணி அடிக்குமுன் அவன் கண்கள் திடலுக்குப் போய்விடும். செய்யுளை ஒப்பிக்கத் தவறிய ஒரு நாளில், “பந்து உனக்குச் சோறு போடுமா?” என்று வகுப்பார் முன்னிலையிற் கேட்டேன். அவன் தந்தையாரையும் அழைத்து அதையே சொன்னேன். அவர் கைகூப்பி, “நீங்கள் சொன்னால் சரி ஐயா” என்றார். மறுநாள் முதல் அவன் திடலுக்குப் போகவில்லை. செய்யுளும் அவனுக்கு வரவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது.

என் கேள்வி முற்றிலும் பொருளற்றது என்று இன்றும் சொல்லமாட்டேன். ஆட்டக்காரனின் கால்கள் முப்பத்தைந்து வயதளவில் ஓய்ந்துவிடும். ஒரு முழங்கால் அடி அதற்கு முன்னரே எல்லாவற்றையும் முடித்துவிடவும் கூடும். ஆயிரவர் ஆடினால் ஒருவர் நந்தகுமார் ஆகலாம். ஏழைத் தந்தை அஞ்சுவது முறையே. ஆனால் அக்கேள்வியைக் கேட்டவன் விடையையும் தேடியிருக்க வேண்டும். பள்ளியை விட்டபின் மாலையில் இரண்டு மணிநேரம் ஆடுவதால் எந்தச் செய்யுளும் கெடாது என்பதை நான் அன்று எண்ணிப் பார்க்கவில்லை. படிப்பு ஒரு தட்டிலும் ஆட்டம் மறு தட்டிலும் வைக்கப்பட்டவை என்று கருதினேன், தராசே தவறு.

வியாசர்பாடியில் அத்தவற்றைச் செய்யாதவர்கள் இருந்தனர். பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளைப் பந்தைக் காட்டி மீட்டு, படிக்கவும் வைத்து, ஆடவும் வைத்தனர். அவ்வூரிலிருந்து புறப்பட்ட தனபால் கணேஷ் இந்தியாவுக்காக ஆடினார். 2018 மார்ச்சில் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்ற சென்னையின் எஃப்.சி. அணியிலும் இருந்தார்.

இந்நிலையில், 2024 அக்டோபரில் பெருநகரச் சென்னை மாநகராட்சி ஒரு தீர்மானம் செய்தது. தனக்குரிய ஒன்பது செயற்கைப் புல்தரைக் காற்பந்துத் திடல்களைத் தனியார் பொறுப்பில் விடுவது. ஆடுவோர் ஒருவர்க்கு ஒரு மணிநேரத்துக்கு 120 ரூபாய் பெறுவது. வியாசர்பாடித் திடலும் அவற்றுள் ஒன்று. இரு அணியும் சேர்ந்து 22 பேர் ஒரு மணிநேரம் ஆடினால் 2,640 ரூபாய். ஒரு பையன் நாள்தோறும் ஒரு மணிநேரம் ஆடினால் மாதத்துக்கு 3,600 ரூபாய். எம் பகுதிக் குடும்பங்கள் பலவற்றில் வீட்டு வாடகையோடு ஒப்பிடத்தக்க தொகை அது. எதிர்ப்பு வலுக்கவே, தீர்மானம் சில நாட்களுக்குள் கைவிடப்பட்டது. புல்தரையைப் பேணப் பொருள் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. நூலகத்துக்கும் பொருள் வேண்டும்; அதற்காக ஏட்டைப் புரட்டும் சிறுவனிடம் மணிக்கணக்கிற் காசு வாங்குவதில்லையே. திடலும் அத்தகையது என்பது என் துணிபு. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அவ்வாண்டின் இறுதியில் ஒரு மாலை வியாசர்பாடித் திடலின் வேலியோரம் நின்றிருந்தேன். நடுவயதினர் ஒருவர் வந்து வணங்கினார். எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. அவர் தம் பெயரைச் சொன்னார். கன்டெய்னர் லாரி ஓட்டுகிறாராம். பழையதைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. பேசும் துணிவு எனக்கும் இல்லை. உள்ளே இடப்பக்கக் கோட்டை ஒட்டி ஒரு சிறுமி ஓடிக்கொண்டிருந்தாள். “என் மகள் ஐயா. எட்டாம் வகுப்பு. அவளுக்கும் இடக்கால்தான்” என்றார். சிறிது நேரம் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். பின்பு அவர் குரலைத் தாழ்த்தி, “அந்தக் கட்டணம் மறுபடியும் வருமா ஐயா? நீங்கள் செய்தித்தாள் படிப்பவர், உங்களுக்குத் தெரிந்திருக்கும்” என்று கேட்டார்.

திடலின் மறுமுனையில் யாரோ பந்தை உயரத் தூக்கி அடித்தனர். அவள் அதை நோக்கி ஓடினாள்.